மணற்கிணறும் உவர்க்கழியும்

"நெய்தல் நிலத்துக்குரிய நீர் யாது?" என்று வினவினேன்.

"மணற்கிணறு, உவர்க்கழி" என்று வகுப்பு முழுதும் ஒரே குரலில் விடை தந்தது.

நாற்கவிராச நம்பி வகுத்த கருப்பொருள் பதினான்கையும் ஐந்திணைக்கும் பொருத்தி, கட்டங் கட்டமாகக் கரும்பலகையில் எழுதி, மனனஞ் செய்விப்பது நம் பள்ளிக்கூடத்து மரபு. அம்மரபின்படியே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இக்கேள்வியைக் கேட்டு வருகின்றேன். இவ்விடையையே பெற்று வருகின்றேன். புள்ளியும் இட்டு வருகின்றேன். அன்று மட்டும் கடைசி வாங்கிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள்.

"எங்கடை வீட்டுக் கிணறு எதுக்குள்ளை வரும், ஐயா? மாரியிலை குடிக்கலாம். சோளகம் தொடங்கினால் வாயிலை வைக்கேலாது. அது மணற்கிணறோ, உவர்க்கழியோ?"

எனக்கு விடை தெரியவில்லை. நம்பியகப்பொருளுக்கு உரை தெரியும். அவள் வீட்டுக் கிணற்றுக்கு உரை தெரியாது. தீவகத்துப் பாடசாலை அது. யன்னலூடே பார்த்தால் கடல் தெரியும். வகுப்பிலுள்ள பிள்ளைகளுட் பாதிப்பேரின் தகப்பன்மார் அன்று விடியற்காலையில் வலையோடு போய் வந்தவர்கள். கடலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கடற்கரையைப் பற்றிய சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

அன்று வீட்டுப்பாடமாக, "உங்கள் வீட்டுக் கிணறு" என்னுந் தலைப்பில் ஒரு பக்கம் எழுதிவரும்படி சொன்னேன். மறுநாள் கொப்பிகள் வந்தன. ஏறத்தாழ எல்லாமே வள்ளுவரிற் தொடங்கி, "ஆதிகாலந் தொட்டே மனிதன்" என்று நடந்து, "ஆகவே நாம் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவோமாக" என்று முடிந்தன. ஒரு கொப்பியிலாவது கிணறு இல்லை. குற்றம் பிள்ளைகளுடையதன்று. பரீட்சைக் கட்டுரை எழுதப் பழக்கியவர் நாம். எவ்வூருக்கும் பொருந்தக்கூடிய கட்டுரை எவ்வூரையும் பற்றியதன்று என்பதை நாம் அவர்களுக்குச் சொல்லவில்லை.

கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்து, இரண்டாம் முறை எழுதச் சொன்னேன். இம்முறை மூன்று நிபந்தனைகள்: கிணற்றடிக்குப் போகாமல் எழுதக் கூடாது, வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடமாவது கேட்க வேண்டும், கண்டதை ஒரு பக்கத்திலும், கேட்டதை ஒரு பக்கத்திலும், தாம் கருதியதை ஒரு பக்கத்திலும் வேறு வேறாக எழுத வேண்டும்.

அந்தக் கிழமை வந்த கொப்பிகளை இன்றுவரை வைத்திருக்கின்றேன்.

ஒருத்தி கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சாக இட்டு, கிணற்றுக்குள் இறக்கி, நீர்மட்டத்தை அளந்திருந்தாள். இன்னொருவன் தன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரையுள்ள கிணறுகளை எண்ணியிருந்தான். பாவிக்கப்படுவனவற்றிலும் கைவிடப்பட்டன கூடுதல் என்று கண்டான். அவற்றுட் சிலவற்றுள் ஆலங்கன்று முளைத்திருந்தது. சிலவற்றுட் குப்பை நிறைந்திருந்தது. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் ஊரே பெயர்ந்து போயிற்று. பெயர்ந்தவர் பலர் திரும்பவில்லை. கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் பரிசிலும் வாழ்கின்றனர். கிணறு இறைக்க இறைக்கத்தான் ஊறும் என்பது கிணறு வைத்திருப்பவர் அனைவரும் அறிந்தது. இறைப்பாரற்ற கிணறு என்ன ஆகும் என்பதை அந்தப் பையனின் கொப்பியிலேதான் முதன்முதல் வாசித்தேன்.

மூன்றாவது கொப்பி ஒன்று. அதில் 'கேட்டது' என்ற பக்கத்தில் நான்கே வரிகள். எழுதியவளின் ஆச்சி, தாம் சிறுமியாயிருந்த காலத்தில், குடத்தை வைத்துக்கொண்டு கிணற்றுக்கு அப்பால் நின்றதாகச் சொல்லியிருக்கின்றார். தாமே அள்ளக்கூடாது, அள்ளி வார்ப்பார் வருமளவும் காத்து நிற்க வேண்டும். சிலநாளில் வெயில் ஏறிவிடும். 'கருதியது' என்ற பக்கத்தை அச்சிறுமி வெறுமையாக விட்டிருந்தாள். ஏன் எழுதவில்லையென்று நான் கேட்கவில்லை. அந்தக் கிணறு இன்றும் இருக்கின்றது. அதன் கட்டிலே சாய்ந்து நின்று நானே தண்ணீர் குடித்திருக்கின்றேன்.

ஈண்டுச் சிறிது இலக்கணம் பேச வாசகர்கள் இடந்தருவார்களாக. தொல்காப்பியர் கருப்பொருள்களை நிரல்படக் கூறுமிடத்து, தெய்வம், உணா, மா, மரம், புள், பறை என்பவற்றோடு 'செய்தி' என்றொன்றையும் சேர்த்தார். அங்கே செய்தி என்பதற்குத் தொழில் என்பது பொருள். அந்நிலத்து மக்கள் செய்வது எதுவோ அது. பின்வந்த நம்பி அவ்விடத்தில் 'தொழில்' என்றே வைத்தார். இன்று பத்திரிகையில் வருவதைச் செய்தி என்கின்றோம். செய்ததைச் சொல்வது செய்தி. யாரோ ஒருவர் செய்யாமல் செய்தி இல்லை. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். எங்கே நடந்தது, எப்பொழுது நடந்தது என்று எந்தப் பத்திராதிபரும் முதலிற் கேட்பதும் இவ்விரண்டையுமே. உரிப்பொருள் மக்களின் மனத்திலே நிகழ்வது. நிலமும் பொழுதும் சொல்லாமல் நேரே உரிப்பொருளுக்குத் தாவுகின்ற கட்டுரையே நாம் பரீட்சைக்குப் பழக்குகின்ற கட்டுரை.

கிணற்றுக்கு மீள்வோம். சிறுமியின் கேள்விக்கு விடை தேடி விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியரிடம் சென்றேன். அவர் ஒரு தாளிற் படம் வரைந்து காட்டினார். நம் தீவுகள் சுண்ணாம்புக்கல்லாலானவை. ஆறில்லை, மலையில்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடையோடு வரும் மழையே பெருவரவு. அம்மழை கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, கீழே ஊறிக் கிடக்கும் கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. நன்னீர் எடை குறைந்தது. ஆதலால் மேலே நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹேர்ஸ்பேர்க் என்னும் ஐரோப்பியர் இருவர் தனித்தனியே கண்ட கணக்கு. மேலே ஓரடியை இறைத்துக் குறைத்தால், கீழேயிருந்து உவர் நாற்பதடி எழும்பும் என்பதே இதன் மறுபக்கம். துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் மனிதனின் தோள்வலியே ஓர் எல்லையாயிருந்தது. இயந்திரத்துக்குத் தோள் நோவதில்லை.

ஆகவே, மணற்கிணறும் உவர்க்கழியும் இரண்டு நீரல்ல; ஒரே கிணற்றின் இரண்டு பருவங்கள். இதை வகுப்பிற் சொன்னபோது அச்சிறுமி சிரித்தாள். அவளுக்கு அது முன்னமே தெரியும் போலும்.

மணிமேகலையிலே மணிபல்லவத் தீவும், அதிலுள்ள கோமுகிப் பொய்கையும், வைகாசித் திங்கள் விசாகத்தில் அப்பொய்கையினின்று எழும் அமுதசுரபியும் நம் மாணாக்கர் அறிந்தவை. மணிபல்லவம் நயினாதீவே என்று கூறும் அறிஞர் உளர். அவ்வாராய்ச்சி நிற்க. நாற்புறமும் உப்புநீர் சூழ்ந்த தீவொன்றிலே, கிணறுகள் வற்றி உவர் ஏறுகின்ற வைகாசியிலே, ஒரு நன்னீர்ப் பொய்கையிலிருந்து வற்றாத பாத்திரம் எழுந்ததென்று சாத்தனார் பாடியதை, இத்தனை ஆண்டுகளும் சமயச் செய்தியாக மட்டுமே கற்பித்தேன். வைகாசியிற் சாட்டிப் பக்கத்து நன்னீரைப் பவுசர் எப்பொழுது கொண்டுவரும் என்று படலையடியில் பாத்திரம் வைத்துக் காத்திருக்கும் பிள்ளைக்கு அந்தக் காதை வேறொன்றையும் சொல்லும்.

இனி, நான் சொல்லத் தயங்குகின்ற ஒன்று.

கிணற்றுக் கட்டுரைகளுள் நல்லவற்றைத் தெரிந்து சுவர்ப்பத்திரிகையாக ஒட்டுவதென்று தீர்மானித்தோம். ஒரு பையன், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து வீடு கட்டியிருக்கும் ஒருவர், இயந்திரம் வைத்து நாள் முழுதும் நீர் இறைக்கின்றார் என்றும், அயலிலுள்ள மூன்று வீட்டுக் கிணறுகள் வழக்கத்துக்கு முன்பே சவர்த்துப் போயின என்றும் எழுதியிருந்தான். பெயரையும் எழுதியிருந்தான். அப்பெரியவர் நம் பள்ளிக்கூடத்துக்கு உதவி செய்பவர். சிவப்பு மையினால் நான் அவ்வாக்கியத்தைத் திருத்தினேன். "இப்பகுதியில் நீர் மிகுதியாக இறைக்கப்படுகின்றது." வாக்கியம் அழகாகத்தான் இருந்தது.

பையன் திருத்தத்தைப் பார்த்தான். சென்ற தவணையிலேதான் செய்வினை, செயப்பாட்டுவினை படிப்பித்திருந்தேன். செய்வினையின் எழுவாய், செயப்பாட்டுவினையில் 'ஆல்' உருபேற்று வருமென்று சொல்லிக் கொடுத்தவனும் நானே.

"'ஆல்' எங்கை, ஐயா?" என்று கேட்டான்.

இலக்கணம் கற்பித்தவனுக்கு இதைவிடக் கடுமையான தண்டனை இல்லை. யாரால் என்பதை விழுங்கிக்கொள்வதற்குத் தமிழிலே இத்துணை வசதியான ஒரு வினைவடிவம் உண்டென்பதை அன்றுதான் உணர்ந்தேன். அதன் பின் அலுவலகக் கடிதங்களையும் அறிக்கைகளையும் பத்திரிகைகளையும் அந்தக் கண்கொண்டு பார்க்கின்றேன். குப்பை கொட்டப்படுகின்றது, மணல் அகழப்படுகின்றது, பனைகள் தறிக்கப்படுகின்றன, நடவடிக்கை எடுக்கப்படும். எங்கும் 'ஆல்' இல்லை.

எனினும், பையனிடத்தும் ஒரு குறை இருந்தது. அவன் அயலவரைக் கேட்டான். அந்தப் பெரியவரைக் கேட்கவில்லை. ஒருவரைப் பற்றி எழுதுமுன் அவரையும் கேட்க வேண்டுமென்று நான் சொல்லிக் கொடுக்கவுமில்லை. மறுநாள் மாலை இருவருமாகச் சென்றோம். என் கால்கள் தயங்கின. அவன் முன்னே நடந்தான். பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. கொப்பியை வாங்கி இரண்டு முறை வாசித்தார். தென்னங்கன்றுகளுக்கு இறைப்பதாகவும், அயற்கிணறு சவர்த்தது தமக்குத் தெரியாதென்றும், தம் பாட்டனார் வெட்டுவித்த அக்கிணற்றிலேதான் ஒருகாலம் அந்த ஒழுங்கை முழுதும் நீர் அள்ளியதென்றும் சொன்னார். பையன் அவ்வளவையும் 'கேட்டது' என்ற பக்கத்திற் சேர்த்தான். கட்டுரை செய்வினையிலேயே சுவரில் ஏறியது. பெயரை மட்டும் எடுத்தோம். அதுவும் பையனின் சம்மதத்தோடு. பெரியவர் இப்பொழுது காலையில் மட்டும் இறைக்கின்றார் என்று கேள்வி. அயற்கிணறுகள் அந்தக் கோடை முழுதும் சவராகவே இருந்தன.

மாணாக்கர் தம் ஊரைப் பார்த்து எழுதுவது புதிய கூத்தென்று சிலர் எண்ணுவர். அது புதிதன்று. 1841 ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனார் 'உதயதாரகை'யைத் தொடங்கியபோது, அதற்கு ஆசிரியராயமைந்த ஹென்றி மாட்டின், சேத் பேசன் இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியின் வார்ப்புகளே. 1924 இல் யாழ்ப்பாணத்திலே மாணவர் காங்கிரஸ் தோன்றியது; பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது; 1927 இல் காந்தியடிகளை இங்கு வரவழைத்தது. பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் நிலத்திலும் வெளியிலும் இருக்க, ஏனையோர் வாங்கில் இருந்த காலம் அது. சம ஆசனம் வேண்டுமென்று அவ்விளைஞர் வாதாடியபோது ஊர்ப் பெரியோர் பலர் வெகுண்டனர். வாங்கு எல்லார்க்கும் உரியதாயிற்று. கிணறு அதற்கும் பின்னர்தான்.

என் மனத்தை மிகவும் கவர்ந்தது தமிழ்நாட்டு நிகழ்ச்சியொன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதற் பேராசிரியராக வந்த கில்பேர்ட் சிலேற்றர் என்னும் ஆங்கிலேயர், இந்தியக் கிராமத்தைத் தாம் அறியாமல் அதன் பொருளியலைக் கற்பிப்பது எங்ஙனமென்று தயங்கினார் போலும். 1916 இல் தம் மாணாக்கரின் கையில் ஒரு வினாக்கொத்தைக் கொடுத்து, விடுமுறையிற் சொந்தக் கிராமத்துக்குப் போய்ப் பார்த்து எழுதி வாருங்கள் என்றார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் யாருக்கு, கிணறு எத்தனை என்றெல்லாம் அவர்கள் எழுதி வந்தனர். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம் என்னும் ஊர்கள் அவ்வாறு 1918 இல் நூலேறின. நூல் வெளிவந்ததோடு அது நிற்கவில்லை. இருபதாண்டு கழித்து, 1936, 1937 ஆம் ஆண்டுகளில், அதே ஊர்களுக்கு வேறொரு தலைமுறை ஆராய்ச்சியாளர் சென்றனர். பிற்காலத்தும் சென்றனர். ஒரு நூற்றாண்டு வாழ்க்கையை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் அடிக்கல், விடுமுறைக்கு வீடு சென்ற சில மாணாக்கரின் குறிப்பேடு. அவர்கள் அன்று எழுதாதிருந்தால், பின்வந்த பேராசிரியர்கள் எதனோடு ஒப்பிட்டிருப்பர்?

இக்காலத்தும் இந்தியாவிலே 1993 முதல் குழந்தைகள் அறிவியல் மாநாடு நடந்து வருகின்றது. பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து ஊர்ப்பிரச்சினையொன்றை ஆராய்ந்து எழுதுகின்றனர். நம் நாட்டுப் பாடசாலைகளில் சுற்றாடல் முன்னோடிகள் உளர், பதக்கங்களும் உள. பதக்கத்தை நான் குறைகூறவில்லை. ஆனால் மரம் நட்டுப் படம் பிடிப்பதும், நட்ட மரம் அடுத்த ஆனியில் உயிரோடு நின்றதா என்று போய்ப் பார்த்து எழுதுவதும் ஒன்றல்ல.

கிணறு முடிந்த பின் பிள்ளைகள் தாமாகவே வேறு பொருள்களைத் தொடங்கினர். ஒருவனின் தமையன் கடலட்டைப் பண்ணையில் வேலை செய்கின்றான். இன்னொருவனின் தகப்பன், அத்தகைய பண்ணையின் வேலி தம் களங்கண்ணிக்கு மீன் வரும் வழியை மறித்ததென்கின்றார். இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினோம். எது சரியென்று என்னைக் கேட்டனர். இரண்டையும் மறுபடி வாசிக்கச் சொன்னேன். வேறு சொல்ல எனக்கு அறிவில்லை. இழுவைமடியைப் பற்றி எழுதியவனுக்கு அந்தத் தயக்கம் இல்லை. 2017 இல் நம் நாட்டுச் சட்டம் அதைத் தடைசெய்த பின்னும் இராக்காலத்தில் அக்கரை விசைப்படகுகள் வருவதையும், தன் மாமனின் வலை அறுந்ததையும் எழுதிவிட்டு, அக்கரையில் இருப்பவரும் தமிழ் பேசுபவர்தானே என்று ஒரு வரி சேர்த்திருந்தான். அதற்குமேல் அவன் ஒன்றும் எழுதவில்லை.

நெடுந்தீவிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கும் ஒருத்தி படகைப் பற்றி எழுதினாள். குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். கடைசிப் படகு போன பின் நோய் வரக்கூடாது என்பது அவளூர்ப் பழமொழி போலிருக்கின்றது. 'கேட்டது' என்ற பக்கத்தில், குமுதினிப் படகென்றதும் தன் அம்மம்மா பேச்சை நிறுத்திவிட்டார் என்று மட்டும் எழுதியிருந்தாள். 1985 மே 15 அன்று அப்படகிலே நிகழ்ந்த படுகொலையை அவள் பிறகுதான் அறிந்தாள். பேச்சு நின்றதும் ஒரு செய்தியே என்று கொப்பியின் ஓரத்தில் எழுதினேன்.

நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் ஒன்றுண்டு. ஊராத்துறைக்கு வரும் பரதேசி வணிகரின் மரக்கலம் உடைந்தால், ஆனையும் குதிரையும் கொண்டுவந்ததாயின் காற்பங்கும், வேறு பண்டம் கொண்டுவந்ததாயின் சரிபாதியும் அரசனுக்கென்று அது விதிக்கின்றது. கப்பல் உடைந்தால் அரசனுக்கு எவ்வளவு என்பது எண்ணூறு ஆண்டுகளாகக் கல்லில் நிற்கின்றது. உடைந்த கப்பலில் வந்தவன் என்ன ஆனான் என்பதை எழுத எவரும் இருக்கவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் மின்சாரம் அமைக்கும் திட்டம் 2021 இல் சீன நிறுவனத்துக்குப் போய், அந்த ஆண்டு முடியுமுன் நின்று, 2022 இல் இந்தியாவின் நன்கொடையாக மாறியபோது, உலகப் பத்திரிகைகளெல்லாம் நம் தீவுகளின் பெயரை அச்சிட்டன. எங்கள் பிள்ளைகள் எந்த விளக்கில் படிக்கின்றனர் என்று அவற்றுள் எதுவும் எழுதியதாக நான் காணவில்லை.

பெற்றோர் சிலர் வந்து, இதற்குப் பரீட்சையில் எத்தனை புள்ளி என்று கேட்டனர். புள்ளி இல்லையென்றேன். பிள்ளைக்கு வீண் பகை வருமே என்றார் ஒரு தாயார். அந்த அச்சம் நியாயமானது; இந்நாட்டில் எழுதியதற்காக வளர்ந்தவர்களே பட்டவை அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆதலால் சுவர்ப்பத்திரிகையில் எந்தப் பிள்ளையின் பெயரையும் போடுவதில்லை. வகுப்பின் பெயரே போடுகின்றோம். யாரேனும் கோபித்துக்கொண்டு வந்தால் என்னிடம் வரட்டும். 'ஆல்' உருபு ஏற்பதற்கு நான் இருக்கின்றேன்.

கயிற்றிலே முடிச்சிட்ட சிறுமி, ஒவ்வொரு மாதமும் பறுவத்தன்று கிணற்றை அளந்து ஒரு கொப்பியில் எழுதி வந்தாள்: இத்தனை முழம், இத்தகைய சுவை. சென்ற தைமாதம் அவள் குடும்பத்தோடு பிறநாடு போய்விட்டாள். போவதற்கு முந்தின நாள் கொப்பியையும் கயிற்றையும் கொண்டுவந்து, கீழ்வகுப்புச் சிறுவன் ஒருவனிடம் கொடுத்தாள். "கயிறு நனைஞ்சால் கொஞ்சம் நீளும், அதைக் கழிச்சு எழுது" என்று சொன்னாள். அவன் இப்பொழுது தன் வீட்டுக் கிணற்றையும் பூட்டிக் கிடக்கும் அவள் வீட்டுக் கிணற்றையும் அளக்கின்றான். சென்ற பறுவத்தில் அவள் கிணற்றுக்கு எதிரே, 'சுவை' என்ற நிரலில், "தெரியாது, அள்ள வாளி இல்லை" என்று எழுதியிருக்கின்றான். வாளி ஒன்று வாங்கி வைத்திருக்கின்றேன்.